முழு மனிதரைப் பார்க்கும் கல்லூரி

பெம்பர்ட்டன் கல்லூரி கார்லா வோய்டெக்குக்கு அனுப்பிய முதல் கடிதம், "எங்களுக்கு நீ வெறும் எண் அல்ல" என்று தொடங்கியது. வலது மூலையில் 0048213 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணைக் குறிப்பிடாமல் வரும் பதில்கள் பிரிக்கப்படமாட்டா என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

அந்த மாதம்தான் அவளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி தேர்வின் மதிப்பெண் வந்திருந்தது. ஆயிரத்து அறுநூறுக்குத் தொள்ளாயிரத்து அறுபது. இதற்கு உருக்கமான காரணம் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, வழியில் விபத்து இல்லை. மில்ஃபோர்க் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை ஒன்றரை வருடமாகக் காலி. அந்த நேரத்துக்குக் கால்பந்துப் பயிற்சியாளர் வந்து, போன வார ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்குவார். மற்ற ஊர்களில் பிள்ளைகள் இந்த ஒரு தேர்வுக்காக இரண்டு வருடம் தனி டியூஷன் போவார்கள் என்பதே கார்லாவுக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் தெரியும். அவள் ஒரு சனிக்கிழமை காலை முட்டை சாண்ட்விச் தின்றுவிட்டுப் போனாள், எழுதினாள், வந்துவிட்டாள்.

தொள்ளாயிரத்து அறுபது வாங்கியவளைப் பெம்பர்ட்டன் ஏன் வா வா என்று கூப்பிட வேண்டும்? எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்புகிறதோ அத்தனைக்கு ஒரு கல்லூரி உசத்தி என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். திருப்பி அனுப்ப ஆள் வேண்டும். அதற்காக ஊர் ஊராக ஆள் பிடிக்க வேண்டும். இது கார்லாவுக்குத் தெரியாது. தன்னை யாரோ கவனித்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் படிக்க அவளுக்கு ஆசை. அந்தப் படிப்பும் இருந்து, அவள் வீடு போன்ற வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு காசு வாங்காமல் நான்கு வருடமும் சொல்லித்தருவதாக எழுத்தில் கொடுத்திருந்த கல்லூரி அந்தப் பக்கத்தில் பெம்பர்ட்டன் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் கோழி ஆலை. அம்மா ரோண்டா பத்தொன்பது வருடமாக அங்கே தொடைக்கறி வெட்டுகிறாள். பக்கத்து மேசை காலியாகிறது, ஜூன் முதல் வாரம் பெண்ணை அனுப்பு என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்பவர் பெக் சார். நானூற்று முப்பது பிள்ளைகளுக்கு அவர் ஒருவர். தலைக்கு எட்டு நிமிஷம்.

"மதிப்பெண்ணை அனுப்பாதே," என்றார். "பெம்பர்ட்டன்ல அது உன் இஷ்டம்தான். அவங்க முழு மனுஷங்களைப் பாக்கறாங்களாம். அதனால கட்டுரை முக்கியம். வீட்ல யாராவது செத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்பா அம்மா பிரிஞ்சு?"

"ஒண்ணாத்தான் இருக்காங்க."

"குடி?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பீர்."

"யாருக்காவது தீராத நோய்?"

"அப்பாவுக்கு முட்டி வலிக்கும்."

பெக் சார் நிமிர்ந்தார். "ரெண்டு முட்டியுமா?"

"இடது மட்டும்."

அவர் எழுதிய ஒரு வரியையும் அடித்துவிட்டார். "கஷ்டம்தான்," என்றார். கஷ்டம் இல்லாததைத்தான் சொன்னார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் இது பேச்சானது. அப்பா டுவேன் மாவட்டச் சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறவர். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி உருக உப்பைக் கொட்டிக்கொண்டு போவார்.

"நான் வேணா மார்ச் வரைக்கும் காணாம போயிடவா?" என்றார். "கைவிட்டுப் போன தகப்பன்னு எழுதிக்கோ."

"போறதுன்னா குப்பையை வெளியே வச்சுட்டுப் போ," என்றாள் ரோண்டா. "ஏன்டி, நல்லா இருக்கிற குடும்பத்துக்கு அங்க இடமே கிடையாதா?"

"பணத்தோட நல்லா இருந்தா உண்டும்மா. பணம் இல்லாம நல்லா இருந்தா யாருக்கும் புரியாதாம்."

விண்ணப்பத்தில் மொத்தம் பதினான்கு பகுதிகள், அவற்றில் பதினொன்று விருப்பத்துக்கு விடப்பட்டவை. மதிப்பெண் விருப்பம். இரண்டு நிமிஷ வீடியோ விருப்பம். விருப்பப் பகுதிகளை நிரப்ப விரும்பாதவர்கள், விரும்பாததற்கான காரணத்தை, விருப்பமிருந்தால், முந்நூறு சொற்களில் எழுதலாம். விரும்பாததில் தவறே இல்லை என்றும், யார் யார் விரும்பவில்லை என்பது குறித்துக்கொள்ளப்படும் என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கார்லா மதிப்பெண்ணைத் தவிர மற்றப் பத்தையும் விரும்பினாள்.

கட்டுரையை அவள் இப்படித் தொடங்கினாள்: "எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை." அதற்குப் பிறகு பாலத்தடியைப் பற்றி எழுதினாள். மில்ஃபோர்க்கின் இரும்புப் பாலத்துத் தூணில் அடிக்கணக்குப் போட்டிருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த வெள்ளத்தில் பக்கத்துத் தெருவே மிதந்ததிலிருந்து, பள்ளி நாளோ விடுமுறையோ, தினமும் அதைப் பார்த்து நீர்மட்டத்தை நோட்டில் குறித்து வந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது நாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எவ்வளவு மழைக்கு எத்தனை மணி நேரம் கழித்து ஆறு ஏறும் என்று இப்போது அவளால் சொல்ல முடியும், மாவட்ட அலுவலகத்தால் முடியாது. ரோண்டாவுக்கு முதல் வரியைப் படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. ஆலையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ரோண்டா அதோடு நிற்கவில்லை. 'ஆர்வப் புள்ளி' என்று ஒன்று உண்டு என எங்கோ படித்துவிட்டாள். கல்லூரி அனுப்பும் மின்னஞ்சலை எத்தனை தடவை திறக்கிறோம், எந்த நிகழ்ச்சிக்கெல்லாம் வருகிறோம், வந்து எப்படிக் கலந்துகொள்கிறோம், எல்லாவற்றுக்கும் புள்ளியாம். அன்றிலிருந்து ஆலையில் தேநீர் இடைவேளைக்கெல்லாம் கையுறையைக் கழற்றிவிட்டு அதே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, விண்ணப்பித்த குடும்பங்களுக்குத் திறந்த நாள் என்று அழைப்பு வந்தது. மூன்று மணி நேரப் பயணம். ரோண்டா தேவாலயத்துக்குப் போகும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

கல்லூரியைச் சுற்றிக் காட்டிய மாணவி பின்பக்கமாகவே நடந்தாள். வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அங்கே ஐம்பது வருட வழக்கம். தான் எங்கே போகிறோம் என்பதை ஒரு முறையும் திரும்பிப் பார்க்காமல், புன்னகை மாறாமல், நூலகத்தையும் படகுக் கூடத்தையும் தோளுக்கு மேலே கட்டைவிரலால் காட்டிக்கொண்டே போனாள்.

கார்லாவின் பக்கத்தில் ஒரு பையன் நடந்து வந்தான். வெள்ளந்தியான முகம். "நான் ஹார்லன் த்ரிப்," என்றான். படகுக் கூடத்தின் நெற்றியிலும் த்ரிப் என்று செதுக்கியிருந்தது. "தாத்தா," என்றான் வெட்கத்தோடு. "நீ எவ்வளவு?"

"எது?"

"எஸ்.ஏ.டி. நான் தொள்ளாயிரத்து நாப்பது. அனுப்பல."

"நான் தொள்ளாயிரத்து அறுபது. நானும் அனுப்பல."

"அடேயப்பா," என்றான் ஹார்லன், மனதார. "நீ என்னைவிட கெட்டிக்காரி!"

பிற்பகல் அழைத்துப் போன அறையில் நீளமான மேசை இருந்தது. பெற்றோரில் பதினொரு பேர் மேசையைச் சுற்றி, பிள்ளைகள் பின்வரிசையில், சுவரோரம் கேமராவோடு ஒருவர். சேர்க்கைத் துறைத் தலைவர் டாக்டர் லெனோரா ஹாத்தவே எழுந்து நின்றார். முத்துமாலை, கம்மிய குரல்.

"இன்னிக்கு நீங்கதான் தேர்வுக் குழு," என்றார். "எங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு நீங்களே பாருங்க. ரெண்டு கோப்பு தருவேன். பேர் இருக்காது. ஒரு இடம்தான் இருக்கு. பேசுங்க, கை தூக்குங்க. இது வெறும் பயிற்சி. பிள்ளைங்க மட்டும் பேசக் கூடாது, குழு சுதந்திரமா முடிவெடுக்கணும் இல்லையா?"

போன வருடக் கோப்புகளைத்தான் இதற்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் மாணவர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் புதிய கொள்கைப்படி போன வருடக் கோப்புகள் அனைத்தையும் கிழித்துவிட்டிருந்தார்கள். எனவே இந்த வருடக் கோப்புகளில் பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

மூலையில் ஓர் இளம்பெண் மடியில் பலகையோடு, யார் யார் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாள். ரோண்டா அவளைப் பார்த்துவிட்டாள். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் கோப்பு, மாணவர் அ. டாக்டர் ஹாத்தவே வாசித்தார். "படகுப் போட்டி, ஏழு வருஷம். குடும்பத்துக்கும் இந்த நிறுவனத்துக்கும் மூணு தலைமுறை உறவு. மதிப்பெண் அனுப்பல. இதுல எனக்குத் தெரியறது ஒரு தன்னம்பிக்கை. எண்ணை வச்சு என்னை அளக்காதீங்கன்னு சொல்ற தைரியம்."

"அது நான்தான்!" என்று ஹார்லன் கார்லாவின் காதில் கிசுகிசுத்தான். "தைரியமாம்! எங்கப்பா சொன்னாருன்னு அனுப்பல."

இரண்டாவது கோப்பு, மாணவி ஆ. "வகுப்புல முதலிடம், ஆனா எந்தப் பள்ளியிலன்னும் நாம பாக்கணும். தந்தை, பருவகாலச் சாலைப் பாதுகாப்புத் துறை. தாய், புரத உணவு உற்பத்தித் துறை. ஆயிரத்து நூத்தி நாப்பது நாள் சுயமா தரவு சேகரிச்சிருக்காங்க. குழு அமைக்கல, தலைவரா இருக்கல. மதிப்பெண் அனுப்பல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மௌனம் என்னைக் கொஞ்சம் உறுத்துது. எதை மறைக்கறாங்க?"

ஆயிரத்து நூற்று நாற்பது என்று காதில் விழுந்ததும் அது தன் கோப்பு என்று தெரிந்து கார்லா நாற்காலி நுனிக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்தத் தாளை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் கோழி வெட்டியவளுக்குத் தான் புரத உணவு உற்பத்தித் துறை என்று தெரியவில்லை. பெண்ணின் நோட்டு தெரியும், அதற்குத் தரவு என்று பெயர் என்பதும் அதன் நாள் கணக்கும் தெரியாது.

"பொண்ணு நல்லாத்தான் படிக்குது," என்றார் ஸ்டர்ஜிஸ் என்ற பல் மருத்துவர். "ஆனா அதுக்கு ஒண்ணுமே நடக்கலையே. ஒரு சோகம் வேணாமா? என் மகன் போன வருஷம் தோளை உடைச்சுக்கிட்டான், அதைப் பத்தி எவ்வளவு அழகா எழுதியிருக்கான் தெரியுமா?"

"அருமையான கவனிப்பு," என்றார் டாக்டர் ஹாத்தவே. "நாங்க அதைக் கொக்கின்னு சொல்வோம். கோப்புல நம்மளைப் பிடிச்சு இழுக்கற ஒண்ணு. கட்டுரையில இருக்கலாம். ஆனா ஒரு கோப்புக்கு நாலு நிமிஷம்தான், அதனால கட்டுரையை அப்புறம் பாப்போம்."

கார்லா பின்வரிசையிலிருந்து அம்மாவுக்குச் சைகை காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கையை அசைத்தாள். ரோண்டா பார்த்தாள். பேசு பேசு என்று பெண் தூண்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு இந்தப் பொண்ணைப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது," என்றாள். "ஆனா கொக்கி இல்லீங்களே. தரவு சேகரிச்சாங்க, சரி. யாருக்கு? எதுக்கு? தலைமைப் பண்பு வேணாமா?"

மூலையிலிருந்த பெண் வேகமாகக் குறித்தாள். டாக்டர் ஹாத்தவே ரோண்டாவின் பெயர் அட்டையைப் பார்த்து, "மிக நுட்பமான கருத்து, திருமதி வோய்டெக்," என்றார். ரோண்டாவின் காது சிவந்தது. வாழ்நாளில் யாரும் அவளை நுட்பம் என்று சொன்னதில்லை.

"மாணவி ஆவை வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்கலாம்."

ஐந்து கைகள் எழுந்தன. ரோண்டா ஒரு நொடி தயங்கினாள். கார்லா எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா..." என்றாள். பிள்ளைகள் பேசக் கூடாது என்று டாக்டர் ஹாத்தவே விரலைக் காட்டினார். பெண்ணால் புள்ளி குறைந்துவிடப் போகிறதே என்று பதறி, ரோண்டா தன் கையை விருட்டென்று தூக்கினாள். ஆறு.

"ஆறுக்கு அஞ்சு. மாணவி ஆ இல்லை. நன்றி. இப்ப நேரம் இருக்கறதால கட்டுரையைக் கொஞ்சம் ருசி பாப்போமா?" டாக்டர் ஹாத்தவே ஒரு தாளை எடுத்தார். "எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை."

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். ரோண்டாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அதை இறக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"அது என் பொண்ணு," என்றாள்.

"பேர் வேண்டாம், பேர் வேண்டாம்," என்றார் டாக்டர் ஹாத்தவே.

"பேரைச் சொல்லலைங்க. என் பொண்ணுன்னு சொல்றேன். இதோ பின்னாடி நிக்கறா. என் ஓட்டைத் திருப்பிக் குடுங்க."

"திருமதி வோய்டெக், ஒரு குழு ஆளைப் பாத்து முடிவை மாத்திக்கிட்டா அது எப்படி நியாயமான குழுவா இருக்க முடியும்?"

"மேடம், முழு மனுஷங்களைப் பாக்கறோம்னு காலையில சொன்னீங்களே," என்றான் ஹார்லன் நிஜமான குழப்பத்தோடு. "அவ இங்கதானே இருக்கா, பாருங்களேன்."

"ஹார்லன், உன் பரிவு உன் கோப்புல சேரும்," என்றார் டாக்டர் ஹாத்தவே கனிவாக. பிறகு ரோண்டாவின் தோளைத் தொட்டார். "கவலையே படாதீங்க. இது வெறும் பயிற்சி. எங்க முடிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

திரும்பி வரும்போது மூன்று மணி நேரமும் ரோண்டா வானொலியைப் போடவில்லை. "பயிற்சிதான்னு சொன்னாங்க இல்ல?" என்று மட்டும் நான்கைந்து தடவை கேட்டாள். ஆமாம் என்று கார்லா நான்கைந்து தடவை சொன்னாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. இந்த ஆண்டு வரலாறு காணாத அளவில் திறமைசாலிகள் விண்ணப்பித்திருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை மறுத்ததில் கல்லூரி பெருமைப்படுவதாகவும், கார்லாவையும் அந்தச் சிறப்பான கூட்டத்தில் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். வெளிப்படைத்தன்மைக்காக ஒரு மதிப்பீட்டுத் தாளும் இணைத்திருந்தார்கள். தலைமைப் பண்பு, பத்துக்கு இரண்டு. கொக்கி, பூஜ்யம். குடும்பத்தின் ஆர்வம், பத்துக்குப் பத்து.

ரோண்டா அன்று ஆலைக்குப் போகவில்லை. கல்லூரிக்குத் தொலைபேசி போட்டு, காத்திருக்கச் சொல்லி ஓடவிட்ட பியானோவை நாற்பது நிமிஷம் கேட்டு, டாக்டர் ஹாத்தவேயைப் பிடித்துவிட்டாள். டுவேனும் கார்லாவும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"என் கையாலதான் போச்சா? அதை மட்டும் சொல்லுங்க. பயிற்சின்னு சொன்னீங்களே."

"நிச்சயமா பயிற்சிதான்," என்றது குரல். "எங்க குழு தனியா உக்காந்து, தனியா முடிவெடுத்தது. ஆனா பாருங்க, ரெண்டும் ஒரே முடிவு! எங்க முறை எவ்வளவு நம்பகமானதுன்னு இதைவிட வேற அத்தாட்சி வேணுமா? சில பேர் கேக்கறாங்க, நீங்க பணக்காரங்க பக்கம் சாயறீங்களான்னு. நான் சொல்றேன், எங்க அளவுகோலைக் கையில குடுத்தா, பெத்த தாயே அதே முடிவுக்குத்தான் வர்றாங்க. போன வாரம் நிர்வாகக் குழுவுல உங்களைப் பத்திப் பேசினேன், எல்லாரும் நெகிழ்ந்துட்டாங்க."

டுவேன் மேசையிலிருந்து எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொண்டார். ரோண்டா தன் வலது கையைப் பார்த்தாள். கார்லா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்கம்மா ஒரு தப்புதான் பண்ணாங்க. உங்களுக்கு ஏதோ தெரியும்னு நம்பிட்டாங்க. அந்தத் தாள்ல எங்கப்பா இல்ல, எங்கம்மா இல்ல, ஆறு இல்ல. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாத மாதிரி என்னை எழுதி வச்சுட்டு, நீங்க யாரைப் பாத்தீங்க?"

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் குரல்!" என்றார் டாக்டர் ஹாத்தவே. "இந்தக் கோபம்! இதை ஏன்மா விண்ணப்பத்துல காட்டல? இதுதான் கொக்கி. அடுத்த வருஷம் திரும்பப் போடு. அம்மாவே கை தூக்கின கதையை எழுது. இப்பத்தான் உனக்கு ஏதோ நடந்திருக்கு."

கார்லா வைத்துவிட்டாள்.

ஜூன் முதல் வாரம் அவள் ஆலைக்குப் போனாள். வாரத்தில் மூன்று மாலை, டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் மாவட்டக் கல்லூரியில் கணக்கு வகுப்பு. அங்கே விண்ணப்பம் ஒரு பக்கம். பெயரும் முகவரியும் கேட்டார்கள். கட்டுரை வேண்டாமா என்று கேட்டதற்கு, எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். வெள்ளத்தைப் பற்றிய படிப்பு அங்கே கிடையாது. கணக்கு இருந்தது, வாத்தியாரும் இருந்தார், விழித்திருந்தார்.

செப்டம்பரில் பெம்பர்ட்டனிலிருந்து ரோண்டாவின் பெயருக்கு ஒரு கனமான உறை வந்தது. அடுத்த ஆண்டுக்கான வண்ணக் கையேடு. நடுப்பக்கத்தில் முழு அகலத்துக்கு ஒரு புகைப்படம். நீண்ட மேசை, நீலச் சட்டை, எல்லோருக்கும் மேலாக எழுந்து நிற்கும் ஒரு கை. கீழே, "பெம்பர்ட்டனில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு" என்று போட்டிருந்தது.

ரோண்டா அதை ஆலையிலிருந்து வந்த கையோடு, காலணியைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். கார்லா பின்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு உயரத் தூக்கியிருக்கேன் பாரு," என்றாள் ரோண்டா.

படத்தில் கை முழங்கை மடங்காமல் நேராக இருந்தது. தோள் ஏறியிருந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

"அந்த எழுதற பொண்ணு மூலையில உக்காந்திருந்தாளே, அவளுக்குத் தெரியணும்னு தூக்கினேன்டி. உனக்குப் புள்ளி போடுவான்னு."

"போட்டாம்மா," என்றாள் கார்லா. "பத்துக்குப் பத்து."